கோட்டுக்குள் கட்டிய கைப்பட்டை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஜெயரத்தினம் ஐயா அவர்களே, இந்தப் பஞ்சகாலத்திலும் நமது வாசகசாலையின் கதவை மூடாமல் காத்துவரும் பெரியோர்களே, பசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல சேலையில் வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு ஒரே பெஞ்சில் படித்த தோழியரே, கதவருகே நிற்பதாக வாக்களித்த சாகுல் ஹமீது மாமா அவர்களே, முன்வரிசையில் கைத்தடியைப் பற்றியபடி அமர்ந்திருக்கும் என் தந்தையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் அந்தோனிப்பிள்ளையின் மகள் குணவதியின் பணிவான வணக்கம்.

இந்த ஆண்டு விழாவில் நான் பேச வேண்டிய பொருள் ‘பட்டம் பெற்றோர் பெருமை’. அப்பா பார்த்துத் திருத்திக்கொடுத்த உரை ஒன்று உண்டு. அழகான உரை. அது வீட்டில் இருக்கிறது. என் கையில் இருப்பது வேறு. வீடு உறங்கிய பிறகு, விளக்கின் மேல் துணியைப் போட்டு, தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் தாளைப் பாயின் அடியில் செருகிவிட்டு எழுதியது. என் குரல் நடுங்கினால் பொறுத்தருளுங்கள். நடுங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் அண்ணன் ஜேசுதாசனை அறியாதவர் இந்த அவையில் உண்டா? சென்னைக்குக் கப்பலேறிப் போய், பி.ஏ. பட்டத்தோடு அவர் திரும்பிய நாளில் இந்த வாசகசாலையே துறைமுகத்துக்கு வந்தது. மாலை போட்டது யார்? நீங்கள். மேளம் வைத்தது யார்? நீங்கள். கறுப்பு அங்கியோடு அவர் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்க்க எங்கள் வீட்டு முன்னறைக்கு மாலைதோறும் வந்தது யார்? நீங்கள்.

இன்று அவர் எங்கே? அதையும் அறியாதவர் இங்கே உண்டா? அறிவீர்கள். அறிந்தும் ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. எதிரே வந்தவர்கள் தெருவின் மறுபக்கம் போனார்கள். நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். லாரியில் வந்து ஆள் பிடிக்கும் பட்டாளத்தாரின் கம்பிவேலிக்குள் அவர் இருக்கிறார். நாளைக் காலை அந்த வாயில் ஒரு முறை திறக்கும். மறுநாள் காலை, தண்டவாளம் போடும் வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு சயாமுக்கு ரயில். போன ரயில்களில் ஏறியவர்களின் தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். எந்தத் தாய்க்குச் செய்தி வந்தது?

வேலையில்லாதவர்களைத்தானே பிடிக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுப்பீர்கள். எழுதும்போதே அந்த முணுமுணுப்பு எனக்குக் கேட்டது. அதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன். என் அண்ணனுக்கு வேலை இருந்தது.

சண்டை வந்ததும் அவருடைய ஆபீஸ் மூடிப்போனதை அறிவீர்கள். ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில் இருந்தார். ஒரு நாள் சாகுல் ஹமீது மாமா வந்தார். கல்லாங் ஆற்றில் தொங்காங் என்னும் பெரிய படகுகளில் வரும் அடுப்புக்கரியை இறக்கும் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. முற்றத்தில் நின்றுகொண்டே சொன்னார்.

“தம்பி, கூடை தூக்க ஆளு பத்தல. அரிசி தர்றாங்க. கையில கட்டிக்கப் பட்டை தர்றாங்க. அது இருந்தா லாரிக்காரன் தொட மாட்டான். வாங்க தம்பி.”

அண்ணன் வாய் திறக்கும் முன் அப்பா பேசினார். “சாகுல் ஹமீது, நீர் என்ன கதைக்கிறீர்? பி.ஏ. படிச்ச பிள்ளை கூடை தூக்கிறதோ?”

“படிச்ச பிள்ளைக்கும் வயிறு இருக்கே, ஐயா.”

“வயிறு கிடக்கட்டும். மரியாதை எண்டு ஒண்டு இருக்கு.”

தலையாட்டுகிறீர்கள். அந்தோனிப்பிள்ளை சொன்னது சரிதானே என்று தோன்றுகிறது அல்லவா? எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன்பின் நாங்கள் மரியாதையோடு பட்டினி கிடந்தோம். மரவள்ளிக்கிழங்கு தீர்ந்தது, மரியாதை தீரவில்லை. அம்மாவின் தாலிக்கொடி விலைபோயிற்று, மரியாதை விலைபோகவில்லை. அம்மாவின் கால்கள் வீங்கின, வீங்கி நடக்க முடியாமல் போயின; மரியாதை மட்டும் கம்பீரமாக எங்கள் முன்னறையில் நடந்துகொண்டிருந்தது.

அம்மாவின் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் போனார். ஒருவரிடமும் சொல்லாமல் போனார். திரும்பி வந்து சமையலறையில் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தோல் போயிற்று, கரி போகவில்லை.

“நோகுதோ?” என்று கேட்டேன்.

“கை நோகேல்லை, குணம். அவங்கள் என்னைச் சார் எண்டு கூப்பிடுறாங்கள். கூப்பிட்டிட்டு, தள்ளிப்போய் இருந்து சாப்பிடுறாங்கள்.”

பெரியோர்களே, அந்தத் தனிமையை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? ஆற்றங்கரையில் அவர் கூலியாக முடியாத சார். தெருவில் அவர் ஆபீஸ் இல்லாத ஆபீசர். வீட்டில் அவர் சுவரில் தொங்கும் படம். தாமாக இருக்க அவருக்கு ஓர் இடம் இருந்ததா? ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு தின்ன அவருக்கு ஒரு மரநிழல் இருந்ததா?

மாதங்கள் போயின. ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார். படகில் ஒருவன் அவரைக் கேலி செய்தானாம். “என்ன பி.ஏ., கூடையைத் தலையில வச்சா பட்டம் நசுங்கிடுமா?” என்றானாம். “பட்டம் வீட்டுச் சுவரில பத்திரமாத் தொங்குது. தலை மட்டும்தான் இஞ்ச வந்தது” என்றாராம் அண்ணன். கூட்டமே சிரித்ததாம். அன்று நடுவில் இடம்விட்டு, அவரை உட்காரச் சொன்னார்களாம். பட்டமளிப்பு விழாவைப் பற்றி அவர் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்னதில்லை.

ஆனால் ஆற்றங்கரை வேறு. நமது தெரு வேறு. அங்கே கரி, இங்கே கோட்டு. அங்கே வியர்வை, இங்கே கழுத்துப்பட்டி. கைப்பட்டையை எல்லோரும் காணும்படி, சட்டைக்கு வெளியே கட்ட வேண்டும் என்பது விதி. அண்ணன் அதைச் சட்டையின் மேல்தான் கட்டினார். கட்டிவிட்டு, அதன்மேல் கோட்டு அணிந்தார். நெருப்பாய் எரியும் வெயிலில், சிராங்கூன் சாலை நெடுக, கோட்டுக்குள் வெந்துகொண்டு நடந்தார். ஆற்றுக்குப் போய்க் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பட்டை வெளியே வந்தது.

இது உங்களுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் தேநீர்க் கோப்பையை வாங்கும்போது நகக்கண்ணில் இருந்த கறுப்பைக் கண்டீர்கள். கண்டதும் கூரையைப் பார்த்தீர்கள். அவர் சங்கடப்படக் கூடாதே என்று பார்த்தீர்கள். அது நமது பண்பு. காணாததுபோல் இருப்பது, கேளாததுபோல் இருப்பது, ஒருவர் கோட்டுக்குள் இருப்பதை மற்றவர் தொடாமல் இருப்பது. அந்தப் பண்பு என் அண்ணனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லட்டுமா?

செவ்வாய்க்கிழமை காலை, தேக்கா மார்க்கெட் வாசல். கீரை விற்கும் பூவம்மா கண்ணால் கண்டு எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். லாரிகள் வந்து நின்றிருந்தன. ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, பட்டாளத்தாருக்காக மொழிபெயர்ப்பவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் முறை வருவதற்குச் சற்று முன்பு, காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர் அவரைக் கண்டு அன்போடு கேட்டார்.

“என்ன தம்பி, ஆபீசுக்கோ?”

“ஓம் ஐயா. ஆபீசுக்குத்தான்.”

அது மொழிபெயர்ப்பவரின் காதில் விழுந்தது. “எந்த ஆபீஸ்?” என்றார். அண்ணன் அந்தப் பெரியவரைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். மூடிப்போன ஆபீசின் பெயரைச் சொன்னார். அது மூடிப்போனது மொழிபெயர்ப்பவருக்கும் தெரியும்; லாரியைக் காட்டினார்.

“கோட்டைக் கழட்டுன்னு நான் கத்துனேன் புள்ள,” என்றாள் பூவம்மா. “அவரு காதுல விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தாரு. அந்த ஐயா நின்னுக்கிட்டிருந்தாரு. கழட்டல. லாரியில ஏறிட்டாரு.”

தலைவர் ஐயா அவர்களே, அந்தப் பெரியவர் நீங்கள்.

உங்களைக் குற்றவாளி ஆக்க நான் எழுதவில்லை. நீங்கள் கேட்டது நலம் விசாரிப்பு. உங்கள் வீட்டோடு எங்கள் வீடு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்குமேல் அதைப் பற்றி இந்த மேடையில் பேச மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவருக்கு எதிரே நின்றார்கள். அவர் அஞ்சியது அவர்களுக்கா? நமக்கல்லவா அஞ்சினார்? ஒரு கோட்டைக் கழற்றினால் உயிர் மிஞ்சும் என்று தெரிந்த இடத்தில், நம் கண்முன் கழற்ற முடியாமல் ஏறிப்போனாரே, அது யார் கற்பித்த பாடம்? சென்னையில் கற்றதா? நம் முன்னறைகளில் கற்றதா?

வேலிக்குள் போனபின் பட்டையைக் காட்டினாராம். “ஒளித்துக் கட்டியவன் திருடியவன்” என்று பிடுங்கிக்கொண்டார்கள். சாகுல் ஹமீது மாமா ஓடிப்போய், “இவர் என் ஆளு” என்றார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பை நான் சொல்லக் கூடாது. அவர் கன்னத்தைப் பார்த்தால் தெரியும். பிறகு அப்பா போனார். எதை எடுத்துக்கொண்டு போனார் தெரியுமா? சுவரில் இருந்த பட்டப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

“உன் மகன் என்ன வேலை செய்கிறான்?” என்று கேட்டார்களாம்.

“பி.ஏ.” என்றாராம் அப்பா.

“வேலையைக் கேட்டேன்.”

“சென்னைப் பல்கலைக்கழகம்” என்றாராம்.

சிரிக்கத் தோன்றுகிறதா? சிரியுங்கள். அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த என் தந்தையை நான் பார்த்தேன். அப்பா, என்னை மன்னியுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே சாவியைத்தான் எடுத்துப் போனீர்கள். அந்தப் பூட்டுக்கு அது சேரவில்லை.

இனி ஒரே வழி இருக்கிறது. மாமா மறுபடி போய்க் கெஞ்சியபோது சொல்லியிருக்கிறார்கள். வீட்டார் சொல் செல்லாது. மேஸ்திரியின் சொல் செல்லாது. பூவம்மா வரத் தயார். கீரைக்காரியின் சொல்லும் செல்லாதாம். ஊர் மதிக்கும் பெரியவர் இருவர் நாளைக் காலை வாயிலில் வந்து நிற்க வேண்டும். “இவன் கரி இறக்கும் கூலி. எங்களுக்குத் தெரியும்” என்று, அங்கே காத்திருக்கும் ஊரெல்லாம் கேட்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் உங்களைப் பொய் சொல்ல அழைக்கிறேனா? இல்லை. கண்டதைக் கண்டோம் என்று சொல்ல அழைக்கிறேன். கூரையைப் பார்த்த கண்களை ஒரு முறை கீழே இறக்கச் சொல்லி அழைக்கிறேன். பட்டதாரிகளே, இந்த மண்டபத்திலும் கோட்டுகள் இருக்கின்றன. எத்தனை கோட்டுகளுக்குள் எத்தனை பட்டைகள் இருக்கின்றன என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் கை உங்களுக்குத் தெரியும். படித்த கை பாரம் சுமந்தால் படிப்பு அழிந்துபோகுமா? கரி பட்ட விரல் புத்தகத்தைத் திருப்பாதா? நாளை விடிந்ததும் பட்டையை வெளியே கட்டிக்கொண்டு நடந்து வாருங்கள். பத்துப்பேர் கட்டினால் பதினோராவது ஆள் வெட்கப்பட மாட்டான். லாரியிலும் ஏற மாட்டான்.

எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் சத்தமாகச் சொல்லாத ஒரு வாக்கியம் இருக்கிறது. தலையணைக்குள் முகத்தை வைத்துச் சொல்லிப் பழகினேன். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. இப்போது இந்த மேடையில் சொல்கிறேன். என் அண்ணன் ஜேசுதாசன், பி.ஏ., கரி சுமக்கும் கூலி. அவர் சுமந்த கரியால் வந்த அரிசியில்தான் என் அம்மா உயிரோடு இருக்கிறார்.

தலைவர் ஐயா, உங்கள் முறை வரும்போது என்னைக் கடிந்து பேசலாம். இந்த வாசகசாலையில் எனக்கு இனி இடமில்லை என்றும் சொல்லலாம். ஏற்றுக்கொள்வேன். ஆனால் என் இருக்கைக்கு நான் திரும்பப் போவதில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே வாசலுக்குப் போய், சாகுல் ஹமீது மாமாவுக்குப் பக்கத்தில் நிற்பேன். எங்களுக்கு இரண்டு பேர் வேண்டும்.

இவ்வளவு நேரம் ஒரு சிறுமியின் சொல்லைப் பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. இருக்கையைவிட்டு எழுந்து வாசலுக்கு வரும் முதல்வருக்கும், அவருக்குப் பின்னால் வருபவருக்கும், என் வணக்கம்.