மட்டையோட ஓடினவன்

“அவன் பொய்யன்,” என்றார் ஜெர்மனியில் ஹம்மிலிருந்து கொலோன் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இருந்தவர். சம்பளத்துக்கு பேஸ்போல் விளையாடி ஓய்வுபெற்ற தன் நண்பரின் பேட்டியை அவர் கைபேசியில் ஓடவிட்டிருந்தார்.

“தனக்கு ஆரும் பழக்கேல்லையாம். முதல் மட்ச்சிலை பந்தை அடிச்சிட்டு, கிரிக்கெட் எண்டு நினைச்சு மட்டையோட ஓடினவன். ‘அதைப் போட்டிட்டு ஓடடா’ எண்டு கத்தினது நான்.”

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். “அண்ணை, உங்களுக்கு எரியுது.”

“ஓம், எரியுதுதான். ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் கிளப்பிலை சேர்ந்தனாங்கள். சம்பளம் குடுக்கிற ரீமுக்கு அவனை எடுத்தாங்கள், என்னை விட்டிட்டாங்கள்.”

“அதுக்கு அவர் என்ன செய்யிறது?”

“என்ரை பேரைச் சொல்லலாம். இண்டைக்குச் சங்கத்திலை அவனுக்குப் பொன்னாடை. மைக் அவன்ரை கையிலை இருக்கேக்கை எழும்பிக் கேப்பன்: உன்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? எல்லாருக்கும் முன்னாலை சொல்லு.”