சோதனைப் பாட்டில்

நான் புகார் எழுதுகிற ஆள் இல்லை. அந்தக் குதிரைப் பயிற்சி முகாமுக்கு நான் எழுதிய ஏழு கடிதங்களும் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். எதிலும் ஒரு கடுஞ்சொல் இருக்காது. எல்லாம் யோசனைகள்தான்.

என் தொழில் அப்படி. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரச் சோதனை மேற்பார்வையாளன். பெல்ட்டில் ஓடிவரும் பாட்டில்களில் விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுக்க நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நிஜமாகவே பார்க்கிறார்களா, பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு வீட்டுக் கவலையில் இருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? அதற்காக விரிசல் விட்ட ஒரு பாட்டிலின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்து, யாருக்கும் சொல்லாமல் நானே பெல்ட்டில் ஏற்றிவிடுவேன். சோதனைப் பாட்டில் என்போம். பிடித்தால் சரி. நான்கு பேரும் கோட்டைவிட்டால் பெல்ட்டின் கடைசியில் நான் நின்று எடுத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் நான் ஏற்றிய ஒரு சோதனைப் பாட்டிலும் வெளியே போனதில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. விடுமுறையில் குதிரை ஏறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். என் மனைவியும் அவள் கட்சி. சேர்த்துவிட்டேன். ஆறு குழந்தைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மாஸ்டர் ஒருவர்தான். உதவிக்கு ஒரு பெண் இருந்தாள், அவள் தலை கைபேசியை விட்டு நிமிராது. பெற்றோர் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும், பயிற்சியின்போது குறுக்கே பேசக் கூடாது என்று கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டார்கள்.

வேலிக்கு வெளியே நிற்பது என்ன கொடுமை என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். நம் பிள்ளை நம்மைவிட உயரமான ஒரு மிருகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். இருபதடி தூரம்தான். நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மற்ற அம்மாக்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர்களால் மட்டும் எப்படி முடிகிறது என்று எரிச்சலாக வரும்.

குதிரையின் சேணத்தைப் பிடித்து நிறுத்துவது வயிற்று வார். அதை இறுக்கும்போது குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும், கெட்டிக்காரப் பிராணி. மூச்சை விட்டதும் வார் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் ஏறுவதற்கு முன்பு ஒருமுறை, இரண்டு சுற்று நடந்த பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். முகாமின் விதிப்பலகையிலேயே இருக்கிறது. மாஸ்டர் இரண்டாம் முறை பார்த்து நான் கண்டதே இல்லை.

எழுதினேன். முகாமின் முதலாளியம்மா ஒவ்வொரு முறையும் போனில் கூப்பிட்டுத் தேனொழுகப் பேசுவார். "உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி சார், ஏன் சும்மா டென்ஷன் ஆகறீங்க" என்பார். அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். ஏழு கடிதங்களில் இரண்டே இரண்டு யோசனைகளை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றைப் பிறகு சொல்கிறேன். மற்றது, குழந்தைகள் கத்தினால் குதிரை மிரளும், ஏதாவது வேண்டுமென்றால் சத்தம் போடாமல் ஒரு கையைத் தூக்க வேண்டும் என்பது. அதற்குத் தனிப் பலகையே எழுதி மாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டாணியைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளியில் வேறு பெயர், முகாமில் எல்லோருக்கும் அவள் பட்டாணி. எட்டு வயது. என் மகளின் தோழி. அவள் அம்மா வேலைக்குப் போகிறவர், காலையில் இறக்கிவிட்டால் சாயங்காலம்தான் வருவார். வேலியோரம் அவளுக்கென்று நிற்க யாரும் இல்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு முன்னால் சேணம் பூட்டிய குதிரைகளை வேலியோரம் கட்டிவைப்பார்கள். அன்று குழந்தைகள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக் கம்பிக்கு ஊடே கையை விட்டு, பட்டாணியின் பழுப்புக் குதிரைக்கு வாரை இரண்டு ஓட்டை தளர்த்தினேன். அரை நிமிட வேலை. இழுத்துப் பார்க்கிற யாருக்கும் உடனே தெரிந்துவிடும். அப்படியே மறு கையால் கைபேசியில் வீடியோவை ஓடவிட்டேன். ஆதாரம் இல்லாமல் எட்டாவது கடிதம் எழுதி என்ன பிரயோஜனம்?

மாஸ்டர் வந்தார். குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், பட்டாணியைத் தூக்கி உட்காரவைத்தார், போய்விட்டார். இரண்டு சுற்று நடை முடிந்தது. வாரை யாரும் தொடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உதவிப் பெண் பாக்கி இருந்தாள். எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் பாட்டிலை எடுத்துவிட்டால் சோதனை செல்லாது.

மூன்றாம் சுற்றில் பட்டாணி என்னைக் கடந்து போனாள். சேணம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அங்கிள், இது ஆடுது."

"மாஸ்டர்கிட்ட சொல்லும்மா" என்றேன்.

குறுக்கே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. அவள் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. கத்தவில்லை. கடிவாளத்திலிருந்து ஒரு கையை எடுத்து உயரத் தூக்கினாள். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அப்படியே விசிலடித்தார், குதிரைகள் ஓட்டத்துக்கு மாறின. அவள் கையை இறக்கவே இல்லை.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் இறந்துபோனாள். அவள் விழுந்த அன்று மாலையே எட்டாவது கடிதத்தை வீடியோவோடு அனுப்பியிருந்தேன். அதை வைத்துத்தான் என்னைத் தேடி வந்தீர்கள். முதல் நொடியில், வாரிலிருந்து விலகும் என் விரல்கள் தெரிகின்றன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் என்று தொழிற்சாலையில் எனக்குப் பெயர். எனக்கு அது தெரியவில்லை.

நேற்று மனைவி என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏங்க, நம்ம பாப்பா குதிரையை ஏன் தொடலை?"

இருப்பதிலேயே சாதுவான குதிரையில்தான் சோதனை வைத்தேன், அதுதான் கைக்குப் பக்கத்தில் இருந்தது என்றேன். உங்களிடம் மூன்று தடவை சொன்னதும் அதுதான். அவள் எழுந்து போய்விட்டாள். மறுபடியும் வேலிக்கு வெளியே நின்றது போலத்தான் இருந்தது.

மூன்றாவது கடிதத்தைப் பிரியுங்கள். பிறகு சொல்கிறேன் என்ற யோசனை அதில் இருக்கிறது. முகாமிலேயே சாதுவானது வெள்ளைக் குதிரை, அதை என் மகளுக்கே ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒதுக்கினார்கள். அன்று வேலியோரம் எனக்கு மிகப் பக்கத்தில் நின்றது அந்த வெள்ளைக் குதிரைதான். அதன் வாரை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. அதற்கப்புறம்தான் நாலடி தள்ளிப் பழுப்புக் குதிரையிடம் போனேன்.

சோதனைக்கு நல்ல பாட்டிலை யாரும் ஏற்ற மாட்டார்கள், சார். போனால் போகிறது என்று ஒதுக்கியதைத்தான் ஏற்றுவோம்.