மூன்று தணிகாசலம்

"ஐம்பத்தஞ்சு வயசானா கம்ப்யூட்டர் கடிச்சிடுமாடி?"

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்பவர் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்திலிருந்த இளம்பெண் அவரை எஸ்தரக்கா என்று அழைத்தாள்.

"என்னாச்சுக்கா?"

"புது கம்ப்யூட்டர் புரோகிராம் போடறாங்க. சொல்லித்தர மெட்ராஸ்லருந்து ஒரு ஆள் வந்திருக்கான். டிரெயினிங் லிஸ்ட்ல என் பேரே இல்ல. மேனேஜரைக் கேட்டா, 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா, டோக்கன் குடுங்க போதும்'ங்கறாரு. இருபது வருசமா அந்த சீட்ல உக்காந்துகினு இருக்கேன்!"

"நீ சும்மாவா வந்த?"

"நேரா டிரெயினிங் ரூம் உள்ள போயி உக்காந்தேன். பேரும் வயசும் அடிச்சா பேஷண்ட் விவரம் வந்துடும்னான் அந்த மெட்ராஸ் ஆள். ஒரே வயசுல மூணு தணிகாசலம் வந்து நின்னா எப்படிப் பிரிக்கிறதுன்னு கேட்டேன். ஒருத்தர் ரத்த ரிப்போர்ட் இன்னொருத்தர் கைக்குப் போனா? நான் அப்பா பேரும் ஊரும் கேட்டுத்தான் பிரிப்பேன். இதுல அதை அடிக்க இடமே இல்ல."

"ஆங், அப்புறம்?"

"சரி பண்ணணும்னு எழுதிகினான். உடனே மேனேஜர், 'எங்க டீம் கண்டுபிடிச்சதுன்னு எழுதுங்க'ன்னாரு. 'எஸ்தர் கேட்டாங்கன்னு எழுதுங்க சார்'னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"எழுதினானா?"

"எழுதினான். ஆனா நாளைக்கும் டிரெயினிங் இருக்கு, எனக்கு டோக்கன் டூட்டிதான் போட்டிருக்காரு மேனேஜர்."

"என்னக்கா பண்ணுவ?"

"டோக்கனை அவரே குடுக்கட்டும். நான் உள்ள போயி உக்காருவேன்."