ஒரு சூரியனுக்கு இரு நிழல் ஏற்காத எங்கள் கணித ஆசிரியைக்கு

கணக்கிலே கண்டிப்பும் கருத்திலே கனிவும் கொண்ட கண்ணியத்துக்குரிய ஜனாபா ஜுனைதா ஷரிபுதீன் ஆசிரியை அவர்களே! முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்முனைப் பெண்பிள்ளைகளுக்குப் பெருக்கலையும் வகுத்தலையும் மட்டுமன்றிப் பின்வாங்காமையையும் பயிற்றுவித்த பெருந்தகையே! அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் சிறப்பெல்லாம் சொல்லப் புகுந்தால் இம்மடல் சுவரளவு நீளும். ஆதலால், 1986 ஜூன் மாதத்தில் நாங்கள் கண்ணாரக் கண்ட ஒன்றை மட்டும் இச்சபையில் சொல்லத் துணிந்தோம்.

பாடசாலைக்கு ஒரேயொரு கணனி வந்தபோது, ஐம்பதைத் தாண்டிய தாங்களே அதை முதலில் தொட்டீர்கள். மருதமுனை நெசவுப் பெண்கள் தங்கள் சங்கத்துக்குத் தறிக்கூடம் கட்டத் தொடங்கியதும், உள்ளே வெயில் எங்கெங்கே விழும் என்று கணனியில் வரைந்து காட்ட ஒப்புக்கொண்டீர்கள். ஜூன் மாத நண்பகலுக்கான படம் அரை மணி நேரத்தில் திரையில் எழுந்தது. கூரையின் நிழல் தெற்கே. தூண்களின் நிழலோ வடக்கே!

கட்டட மேற்பார்வையாளர் நல்லரெத்தினம் சிரித்தார். “படம்தானே டீச்சர்! நிழல் எங்க விழுந்தா என்ன? திங்கக்கிழமை கூரைமரம் அறுக்கப் போறம்.”

“ஒரு சூரியன் ரெண்டு பக்கம் நிழல் போடாது தம்பி. இது சரிவரும்வரைக்கும் மரத்துல வாள் வைக்காதீங்க” என்றீர்கள்.

கணனிக்கு எழுதிய கட்டளைகளை வியாழன் முழுவதும் வரிவரியாகச் சரிபார்த்தீர்கள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. சனியன்று மின்சாரம் நின்று, கசெட் நாடாவில் பதியாதிருந்த நூற்றெண்பது வரிகளும் அழிந்தன. எங்களில் சிலர் அப்போதே கைவிட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தாங்களோ மின்சாரம் வந்ததும் முதல் வரியிலிருந்து மீண்டும் தட்டினீர்கள். இம்முறை ஒரு தூண், ஒரு கூரைத்துண்டு, வேறொன்றுமில்லை. அப்போதும் அதே முரண்பாடு!

“எது பொய் சொல்லுதெண்டு வெயிலிட்டயே கேப்பம்” என்று ஞாயிறு நண்பகல் முற்றத்தில் ஒரு கம்பை நட்டீர்கள். நாங்கள் சூழ்ந்து நின்றோம். கம்பின் நிழல் தெற்கே விழுந்தது. கூரை சொன்னதே மெய்!

தூண்களுக்கும் சன்னல்களுக்குமான வரிகளை ஒரு பிறநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தீர்கள். அந்நாட்டில் நண்பகற் சூரியன் என்றும் தெற்கேதான். நம்மூரிலோ ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை அது உச்சிக்கு வடக்கே நிற்கும். கூரைக்கான வரிகளை நம்மூர்க் கணக்கில் தாங்களே எழுதியிருந்தீர்கள். “பிழை என்டதான். பாக்காம கொப்பி பண்ணிட்டன்” என்று எல்லார் முன்னும் சொன்ன நேர்மையே! அந்த வார்த்தைக்காகவே தங்களை இருமடங்கு மதித்தோம்.

திருத்திய படத்தில், வடக்குச் சன்னல்கள் வழியே வெயில் நேராகத் தறிகள்மேல் விழுந்தது. சங்கத் தலைவி கமீலா திரையருகே குனிந்தார். “அல்லாஹ்! இந்த வெயில் பட்டா நூல்ச்சாயம் எல்லாம் வெளுத்துப் போயிரும் டீச்சர்.”

நல்லரெத்தினம் பையிலிருந்த பென்சிலை எடுத்து, வடக்குக் கூரையை மூன்றடி நீட்டி வரைந்தார். பின்பு, “இன்னொருக்கா ஓட்டிக் காட்டுங்க டீச்சர்” என்றார். அரை மணி நேரம் அனைவரும் காத்திருந்தோம். தறிகள் நிழலில் நின்றன. மரம் செவ்வாயன்றுதான் அறுபட்டது. இரண்டு ஆண்டுகளாய் அக்கூடத்தில் ஒரு முழச் சேலைகூடச் சாயம் வெளுக்கவில்லை.

அயராத அறிவே! தங்களை ஓய்வுக்கு அனுப்பவே இம்மடலை எழுதத் தொடங்கினோம். ஆனால் நேற்று கமீலா ஆசிரியர் அறைக்கு வந்தார். சேலைக்கரைக் கோலங்களைக் கணனியில் வரையப் பழக வேண்டுமென்றார். “உங்களுக்குப் பென்சன் டீச்சர். எங்களுக்கு இனித்தான் பள்ளிக்கூடம்.”

தாங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ஓம். திங்கக்கிழமை எட்டரைக்கு வருவன். பிந்தி வாறவங்களுக்குக் கதவு திறக்கமாட்டன்.”

ஆகவே பிரியாவிடை கூற எங்களுக்குத் துணிவில்லை. கண்ணொளி குன்றாமல், கை நடுங்காமல், நோய்நொடி நெருங்காமல் நெடுங்காலம் தாங்கள் பிழைகளைத் துரத்திக்கொண்டேயிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.

இங்ஙனம்,
தங்களிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்
ஆசிரியர் குழாத்தினர்
கல்முனை, டிசம்பர் 1988