இன்னொரு முழுக்கு

இல்லக்கா, நகப்பூச்சு இன்னும் சுத்தமாப் போகல. பாருங்க, இந்தச் சுண்டுவிரல் ஓரத்துல செவப்பா நிக்குது. இதோட முங்கினா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் பஞ்சை இன்னொரு தடவை குடுங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நம்ம யூத குருமாருங்க, மூணு ரபியும் நிக்கட்டும், ஒண்ணும் ஆயிடாது.

பயமெல்லாம் இல்ல. எரிச்சல். இந்தப் பர்ராங்கியா ஊரு வெயில்ல, மின்விசிறி கூட ஒழுங்கா ஓடாத ரூம்ல, ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தா வேற என்ன வரும்?

இந்த மிக்வே முழுக்கு எனக்குப் புதுசா? பதினேழு வருஷத்துக்கு முன்னாடி யூதச்சியா மாறறதுக்கு இதே தொட்டியில, இதே மழைத்தண்ணியிலதான் முங்கினேன். நீங்க அப்ப வேலைக்கு வரல. மூணு பேர் உக்காந்து துருவித் துருவிக் கேட்டாங்க. ஒத்தை முடி மேல மிதக்காம முங்கணும், முங்கினேன். நூபியாவா உள்ள போனேன், தமாராவா வெளிய வந்தேன். அன்னிலேருந்து கறிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு ஒரு பாத்திரம். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா அடுப்பு பக்கம் போறதில்ல. எங்க வீட்டுக்காரர் சாலமோன் இருக்காரே, ஞாயித்துக்கிழமையானா கடற்கரைக்குப் போய், நமக்கு ஆகாத வறுத்த இறாலைத் தின்னுட்டு விரலைச் சூப்பிக்கிட்டே வருவார். அவரைக் கேக்க ஆளில்ல. யூத அம்மா வயித்துல பொறந்துட்டாரு, முடிஞ்சுபோச்சு. நான்தான் சாகறவரைக்கும் பரீட்சை எழுதிக்கிட்டே இருக்கணும்.

ஆமா, புது ரபிதான். எம்பையன் எலியாஸுக்கு பதிமூணு முடியுது, இந்த சனிக்கிழமை மேடையேறி நம்ம வேதம், தோரா வாசிக்கணும். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போய் இவர் பழசைக் கிளறுறார். அன்னிக்கு உக்காந்த மூணு பேர்ல ஒருத்தர், துணிக்கடை தொலெதானோ, சனிக்கிழமையில கடை தொறந்தவராம். ஓய்வுநாளை மீறினவர் அந்த இடத்துல உக்காரவே கூடாதாம். அதனால நான் யூதச்சி ஆனதே செல்லாதாம். அம்மா இல்லைன்னா மகனும் இல்லையாம். ஏங்க, கடையைத் தொறந்தது அந்தாளு, தண்ணியில முங்கறது நானான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். சட்டம்மா, சட்டம்ங்கறார்.

இவனுக்கு அதை விடக் கொடுமை. பொறந்த எட்டாம் நாளே சுன்னத்து பண்ணியாச்சுல்ல, அதுவும் செல்லாதாம். அதே எடத்துல ஊசியால ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணுமாம். கேட்டதும் பாத்ரூம்ல போய்த் தாப்பாள் போட்டுக்கிட்டான். அவங்கப்பா வெளிய நின்னு ஐஸ்கிரீம் வாங்கித் தரேன், வாடாங்கறார். சிரிக்காதீங்கக்கா. சரி, சிரிங்க, நானும் சிரிச்சேன். கடைசியில அவனே வெளிய வந்து, நீ முங்கினா நானும் முங்கறேம்மா, அந்த ஊசியையும் பொறுத்துக்கறேன்னான். பாவம், மேடையேறியாகணும் அவனுக்கு. ஒரு வருஷமா அந்தப் பகுதியைப் பாடிப் பாடிப் பழகறான், நடுவுல குரல் வேற உடைஞ்சுபோச்சு.

எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒரு முழுக்குதானே, உனக்கு என்ன கொறைஞ்சிடப்போகுதுன்னு. சாலமோனும் அதான் சொல்றார். அவர் சொல்லலாமா, சொல்லுங்க? அவருக்கும் தெரியும்ல?

கதவைத் தட்டறாங்களா? வரேன்னு சொல்லுங்க.

எலியாஸுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணுக்கா. பெர்லா. நடக்கப் பழகறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. நம்ம யூதர் கல்லறைத் தோட்டத்துலதான், சாலமோனோட அம்மா பக்கத்துல வெச்சிருக்கோம். கல்லுல எபிரேய எழுத்துல பேரு இருக்கு. இன்னிக்கு நான் முங்கினா, அவளைப் பெத்தப்ப நான் யூதச்சி இல்லைன்னு என் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி. அவ என்ன ஆவான்னு ரபிகிட்ட கேட்டேன். நல்ல மனுஷன்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கொழந்தைம்மா, தோண்டியெல்லாம் எடுக்கமாட்டோம், யூதர் இல்லாதவங்களைப் பிரிச்சுக் காட்டணும்ல, அவளைச் சுத்தி ஒரு சின்ன வேலி மட்டும் போட்டுடுவோம்ன்னார். நான் முங்கிடுவேங்கக்கா. எலியாஸும் முங்கி எந்திரிச்சிடுவான். அவ எங்க வந்து முங்குவா?