ஜானுவோட குறட்டை

ரஞ்சனி: ...அப்ப 'எப்பவும்'னு டிக் அடிக்கிறேன்.

வளவன்: ஏய், அடிக்காத! இரு. டாக்டரம்மா குடுத்த பேப்பரு, கேள்விய முழுசாப் படி மொதல்ல.

ரஞ்சனி: எத்தன வாட்டிங்க படிக்கிறது? "குழந்தை தூக்கத்தில் குறட்டை விடுகிறதா?" எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்லை. நாலுல ஒண்ணு சொல்லணும்.

வளவன்: இல்லவே இல்ல.

ரஞ்சனி: சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு, ஸ்ரீரங்கத்துல தூங்குற பொண்ணுக்குப் பதில் சொல்றாரு பாருங்க.

வளவன்: அப்பன்டி நானு. அப்பா அம்மா ரெண்டு பேரும் சேந்து பதில் சொல்லணும்னுதான டாக்டரம்மா சொன்னாங்க?

ரஞ்சனி: கூட இருக்குற அப்பாவச் சொல்லியிருப்பாங்க. ஐயோ, சும்மா சொன்னேங்க. வீடியோவுல மூஞ்சத் தூக்கி வச்சுக்காதீங்க, சகிக்கல.

வளவன்: குறட்டைய அப்பறம் பாத்துக்கலாம். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கப்பல் யார்டு லீவு. நீ அடுத்த கேள்விக்குப் போ. ஜானு தூக்கத்தப் பத்தி எதுல கேட்டாலும் நூத்துக்கு நூறு வாங்குவேன்.

ரஞ்சனி: "தினமும் ஒரே நேரத்தில் படுக்கப் போகிறதா?"

வளவன்: எப்பவும். ஒம்போதரைக்கு எனக்கு போன் போடுவா. பேசி முடிச்சதும் படுத்துருவா.

ரஞ்சனி: சரி, அது ரைட்டு. "படுத்து இருபது நிமிடத்துக்குள் தூங்கிவிடுகிறதா?"

வளவன்: இருபது எதுக்கு? அஞ்சே நிமிஷம்.

ரஞ்சனி: யாரு, நம்ம ஜானுவா? நான் ஹால்ல உக்காந்து மண்ணச்சநல்லூர் அரிசி மில்லு பில்ல கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருப்பேன். பத்தரை ஆனாலும் கட்டில் கிரீச் கிரீச்சுங்கும். எட்டிப் பாத்தா போர்வைய தலையோட இழுத்து மூடிக்குவா.

வளவன்: கனவு கண்டு பொரண்டிருப்பா.

ரஞ்சனி: அப்ப கிளாஸ்ல ஏன் தூங்கி விழுறா? மிஸ் ரெண்டு வாட்டி கூப்ட்டு சொல்லிட்டாங்க. மூணாம் கிளாஸ் புள்ள, கணக்கு பீரியட்ல டெஸ்க்குல கன்னத்த வச்சு...

வளவன்: கணக்கு பீரியட்ல நானும் அப்படித்தான். இப்ப என்ன கெட்டுப் போயிட்டேன்?

ரஞ்சனி: சிரிக்காதீங்க. நாளைக்கு காலைல இந்தப் பேப்பர தில்லை நகர் கிளினிக்குல குடுக்கணும். குறட்டைக்கு மார்க்கு ஏறுச்சுன்னா, மூக்குக்குப் பின்னாடி சதை வளந்திருக்கலாம், மூக்கு டாக்டர்கிட்ட அனுப்புவேன்னாங்க. ஆபரேஷன் வரைக்கும்கூட...

வளவன்: ஆபரேஷனா! இத நீ சொல்லவே இல்லியே?

ரஞ்சனி: சொன்னா அங்க தூங்க மாட்டீங்க.

வளவன்: நானா? நான் படுத்தா கட்டை. ரூம்ல பக்கத்துல படுக்குற நஸ்ருல்லாவக் கேட்டுப் பாரு.

ரஞ்சனி: தெரியும் தெரியும்.

வளவன்: ஒரு பேப்பர்ல டிக் அடிச்சதுக்காக புள்ள மூக்குல கத்தி வைக்கணுமா? 'இல்லவே இல்ல'ன்னு போடு.

ரஞ்சனி: பொய்யா எழுதச் சொல்றீங்க? சத்தத்த ரெக்கார்டு பண்ணிட்டு வாங்கன்னாங்க. முந்தாநேத்து பதினோரு மணிக்கு படுக்க வந்தப்ப பண்ணேன். நீங்களே கேளுங்க.

வளவன்: போடு.

ரஞ்சனி: ...கேட்டுச்சா?

வளவன்: ...இன்னொரு வாட்டி போடு.

ரஞ்சனி: எப்படி இழுக்குது பாருங்க! மில்லு ஓடுற மாதிரி. எட்டு வயசுப் புள்ளைங்க! அப்படியே நீங்கதான். எல்லாம் உங்க வம்சம்.

வளவன்: நான் எங்கடி குறட்டை விட்டேன்?

ரஞ்சனி: கல்யாணம் ஆன புதுசுல எங்கப்பா என்ன கேட்டாரு? 'மாப்ள ஜெனரேட்டர் வாங்கியிருக்காராம்மா'ன்னாரு.

வளவன்: உங்கப்பா நக்கலுக்குப் பொறந்தவரு. ரஞ்சி, வெளையாடல. இது ஜானு இல்ல.

ரஞ்சனி: ஏங்க, அவ தலமாட்டுல நின்னு எடுத்தேன்!

வளவன்: அவ மூச்சு மெல்லிசா இருக்கும். நடுவுல லேசா 'ம்'னு ஒரு சத்தம் வரும். அப்பறம் மறுபடி மெல்லிசா. எனக்குத் தெரியும்.

ரஞ்சனி: நீங்க போயி வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப எப்படி மூச்சு விடுறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

வளவன்: நாங்க போன கட் பண்றதில்ல.

ரஞ்சனி: என்னது?

வளவன்: பேசி முடிச்சிட்டு ஸ்பீக்கர்ல போட்டு அப்படியே தலகாணிக்கடியில வச்சுக்குவா. நான் இங்க காதுல மாட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன்.

ரஞ்சனி: ராத்திரி பூராவா? அதான் ஜானுவோட அந்தப் பழைய போன் காலைல செத்துக் கெடக்குதா! பேட்டரி போச்சுன்னு தெப்பக்குளம் கடைக்கு வெயில்ல தூக்கிட்டு அலஞ்சேனே!

வளவன்: அவளத் திட்டாத. நான்தான் கேட்டேன். இங்க... தூக்கம் வரல ரஞ்சி.

ரஞ்சனி: கட்டைன்னீங்க?

வளவன்: கட்டை கண்ணத் தொறந்துக்கிட்டுக் கெடக்கும். மூடினா போதும், அங்க என்ன ஆச்சோ, யாருக்கு ஒடம்பு சரியில்லியோன்னு... அவ தூங்குற சத்தம் கேட்டாத்தான் எனக்கும் கண்ணு சொக்கும்.

ரஞ்சனி: ஒரு வார்த்த என்கிட்டச் சொல்லலாம்ல?

வளவன்: சொன்னா நீ தூங்க மாட்ட.

ரஞ்சனி: ...நல்லா இருக்கு குடும்பம். இருங்க, கடைசிப் பக்கத்துக்கு அவளே பதில் சொல்லணுமாம். ஜானு! அடியே ஜானு! சைக்கிள ஓரமா வச்சுட்டு வா!

ஜானு: என்னம்மா? ஹை, அப்பா!

ரஞ்சனி: கேக்குறதுக்கு உண்மைய மட்டும் சொல்லணும். நாளைக்கு டாக்டரம்மா பாப்பாங்க.

ஜானு: ஊசி போடுவாங்களா?

வளவன்: அதெல்லாம் இல்லடா குட்டி. அப்பா எல்லாத்துக்கும் கரெக்டா சொல்லிட்டேன். நீயும் சொல்லிட்டா முடிஞ்சுது.

ரஞ்சனி: "உனக்கு இருட்டில் பயமா?"

ஜானு: இல்லவே இல்ல. பல்லிக்குத்தான் பயம்.

ரஞ்சனி: பல்லி இதுல இல்ல. "தூங்குவதற்கு அப்பாவோ அம்மாவோ உன் கூட இருக்க வேண்டுமா?"

ஜானு: அப்பாதான் இருக்காரே.

ரஞ்சனி: எங்க?

ஜானு: தலகாணிக்கடி... ஐயோ! அப்பா, சொல்லிட்டேன்!

வளவன்: பரவால்லடா. அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு.

ரஞ்சனி: "படுத்து எவ்வளவு நேரத்தில் தூங்குவாய்?"

வளவன்: அஞ்சு நிமிஷம். சொல்லுடா.

ஜானு: அது... அப்பா தூங்குன அப்பறம்.

வளவன்: நான் தூங்குன அப்பறமா? நீதானடா மொதல்ல தூங்குவ? மெல்லிசா மூச்சு வருமே... நடுவுல 'ம்'னு...

ரஞ்சனி: அம்மா திட்ட மாட்டேன். சொல்லு.

ஜானு: அது சும்மா விடுற மூச்சுப்பா. தூங்குற மாதிரி.

வளவன்: ஏன்டா?

ஜானு: நீதான சொன்ன, நான் தூங்குனாத்தான் உனக்குத் தூக்கம் வரும்னு. செல நாளு டக்குனு தூங்கிருவ. செல நாளு தூங்கவே மாட்டேங்கிற. எனக்கு போர்வைக்குள்ள வேர்த்து ஊத்தும். நீ குறட்டை விட்டதும்தான் நான் திரும்பிப் படுப்பேன்.

ரஞ்சனி: குறட்டையா... இரு. இந்த ரெக்கார்டக் கேளு.

ஜானு: ஹஹ்ஹா! அம்மா, இது அப்பா! ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க? நான் ஃபெயிலா?

வளவன்: இல்லடா கண்ணு. நீ பாஸ். அப்பாதான் ஃபெயிலு. அதான் நஸ்ருல்லா காதுல பஞ்ச வச்சுக்கிட்டுப் படுக்குறானா...

ரஞ்சனி: ஆபரேஷன் யாரு மூக்குக்குன்னு இப்பத் தெரியுதா?

வளவன்: ரஞ்சி, குறட்டைக்கு 'இல்லவே இல்ல'ன்னு போட்டுரு. இன்னையிலேர்ந்து பேசி முடிச்சதும் போன கட் பண்ணிரலாம். நான் எப்படியாவது தூங்கிக்குறேன். புள்ள தூங்கட்டும்.

ஜானு: வேணாம்ப்பா! அப்பறம் நீ முழிச்சுக்கிட்டே இருப்ப!

ரஞ்சனி: அதெல்லாம் அம்மா பாத்துக்குறேன். நீ போயி சைக்கிள் ஓட்டு. ரோட்டுக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன்.

ஜானு: பை ப்பா! நல்லாத் தூங்குப்பா!

வளவன்: பட்டப்பகல்லடா! ...போயிட்டாளா?

ரஞ்சனி: போயிட்டா. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நடந்தத அப்படியே சொல்லிடுறேன். சிரிச்சா சிரிக்கட்டும்.

வளவன்: சொல்லு. ஆனா யாரு குறட்டைன்னு மட்டும்...

ரஞ்சனி: அதத்தாங்க மொதல்ல சொல்லுவேன். ...ஏங்க.

வளவன்: ம்?

ரஞ்சனி: போன கட் பண்ண வேணாம். ஒம்போதரைக்குப் பேசிட்டு அவ என்கிட்டக் குடுத்துரட்டும். எந் தலகாணிக்கடியில வச்சுக்குறேன்.

வளவன்: உன் சத்தத்தக் கேட்டு நான் எங்கேர்ந்து தூங்குறது? கேஸ மூடுனனா, கதவப் பூட்டுனனான்னு ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குற ஆளு நீ.

ரஞ்சனி: இப்ப எந்திரிக்கிறதில்லங்க. புள்ள மூக்குக்கு என்னமோன்னு பயந்தது நெசம்தான். ஆனா அந்தக் குறட்டை கேக்க ஆரம்பிச்சதுலேர்ந்து, நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்... யார்கிட்டயும் சொல்லல.