மோந்து பாத்துச் சொல்லு

கணவன்: கண்ணை மூடு. ஓரக்கண்ணால பாக்கக் கூடாது.

மனைவி: சோப்புல ஊத்த வேண்டிய சென்ட்டை என் மூக்குல ஊத்திடாதீங்க... ம், மூடிட்டேன்.

கணவன்: இந்தக் கிண்ணத்துல என்ன வாசனை?

மனைவி: இது... எலுமிச்சைதானே?

கணவன்: அடேங்கப்பா!

மனைவி: பின்ன? சைனஸ் வீக்கத்துக்கு அந்த ஸ்டீராய்டு மாத்திரை போட்டதுலேர்ந்து என் மூக்கு மோப்ப நாய் மூக்கு.

கணவன்: மூக்கு மட்டுமா? அந்த ஒரு வாரம் நீ தூங்கவே இல்ல. வீட்ல இருக்கிற டப்பா எல்லாத்தையும் கழுவிக் கவுத்து...

மனைவி: பசி வேற...

கணவன்: எனக்குன்னு எடுத்து வெச்ச ரொட்டியையும் விட்டு வைக்கல.

மனைவி: கண்ணு வைக்காதீங்க! வாசனையே தெரியாம வருஷக்கணக்கா மண்ணைத் தின்ன மாதிரி தின்னவளுக்குத்தான் அந்த ருசி தெரியும். ஒரு நாள் காலையில நம்ம சோப்புப் பட்டறைக் கதவைத் திறந்ததும் குப்புனு வந்துச்சே... ரோஜா, எலுமிச்சை, உங்க வேர்வை...

கணவன்: என் வேர்வையை மோந்துட்டு அழுத ஒரே ஆள் நீதான்.

மனைவி: ஆனந்தக் கண்ணீர்னு நெனச்சீங்களா? நெடி தாங்கலங்க!

கணவன்: சரி சரி. இன்னொரு தடவை மோந்து பாரு. நல்லா இழுத்து.

மனைவி: எலுமிச்சையேதான். கொஞ்சம் தூக்கலா இருக்கு.

கணவன்: கண்ணைத் திற.

மனைவி: திறந்துட்டேன். என்ன இது, நிறமே இல்ல?

கணவன்: வெறும் தண்ணி.

மனைவி: ஐயோ... ஏமாத்திட்டீங்களே!

கணவன்: யாரு, நானா? மருந்துக் கடைக்காரர் எல்லாம் சொன்னாரு. டாக்டர் சீட்டே இல்லாம அதே மாத்திரையைத் திரும்பக் கேட்டியாம்.

மனைவி: அந்த மனுஷன் வாயில பூட்டு போட... குடுக்கவே இல்லியே அவரு!

கணவன்: குடுத்திருந்தா? நெனச்சப்பெல்லாம் முழுங்க இது மிட்டாய் இல்ல, எலும்பு, சர்க்கரைன்னு எல்லாத்தையும் பதம் பாத்துடும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே.

மனைவி: மாத்திரை முடிஞ்சு கொஞ்ச நாள்தான்... அப்புறம் வாசனை மெல்ல மெல்லப் போயிடுச்சுங்க.

கணவன்: வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?

மனைவி: சொன்னா ஆபரேஷன்பாங்க. மூக்குக்குள்ள கத்தி... பயமா இருக்கு. அதுவுமில்லாம, வாசனையே தெரியாத சோப்புக்காரிகிட்ட யாரு வாங்குவா?

கணவன்: மூக்கைக் கழுவுற உப்புத் தண்ணி, ஸ்ப்ரே எல்லாம்...?

மனைவி: அதான் மாத்திரையே வேலை செஞ்சுடுச்சேன்னு... நிறுத்திட்டேன்.

கணவன்: அறிவுக்கொழுந்தே! அதை மட்டும் விடாதேன்னாங்களே! நாளைக்கே போறோம். உள்ளதை உள்ளபடி சொல்றோம். ஸ்ப்ரேல சரியாகுமா, ஆபரேஷனான்னு அவங்க சொல்லட்டும். நான் கூடவே இருப்பேன்.

மனைவி: கையைப் பிடிச்சுக்கணும்.

கணவன்: வேணும்னா காலையும் பிடிச்சுக்கறேன்.

மனைவி: சிரிப்பு காட்டாதீங்க... ஆமா, கடைக்காரர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?

கணவன்: அதுக்கு முன்னாடியே... கொஞ்ச நாளாவே நீ கலக்குற சோப்புல ஒண்ணுல வாசனையே இல்ல, இன்னொண்ணுல மயக்கமே வருது. நீ குளிக்கப் போனதும் நான்தான் எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சேன். உன்கிட்ட சொல்ல மனசு வரல.

மனைவி: தெரியும். கதவிடுக்குல பாத்தேன். அந்தத் தைரியத்துலதானே இஷ்டத்துக்கு ஊத்தினேன்!